பேரரசனைச் சிறைவைத்த சிற்றரசு

திண்டிவனத்திலிருந்து வந்தவாசிக்குப் போகும் சாலையில் தெள்ளாறு என்ற ஊர் வரும். 1231-ஆம் ஆண்டையொட்டி அங்கே ஒரு பேரரசன் பிடிபட்டான். அவன் சோழன் மூன்றாம் இராசராசன். முதலாம் இராசராசனும் இராசேந்திரனும் அமர்ந்த அரியணையில் 1216 முதல் இருந்தவன். தெற்கே பாண்டியன் மாறவர்மன் சுந்தரபாண்டியனிடம் தோற்று, உதவி தேடி ஹொய்சள நாட்டை நோக்கித் தப்பிப் போகும் வழியில் மறிக்கப்பட்டான். மறித்தவன் பாண்டியனும் அல்லன், வேற்று நாட்டு வேந்தனும் அல்லன். சோழருக்கே திறை கட்டிவந்த குடும்பத்தைச் சேர்ந்த காடவன் கோப்பெருஞ்சிங்கன். பிடிபட்ட அரசன் கெடிலக் கரையிலுள்ள சேந்தமங்கலத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே சிறைவைக்கப்பட்டான். இந்தச் சேந்தமங்கலம் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் இருக்கிறது.

நம் பாடநூல்களில் இச்செய்தி சோழர் வீழ்ச்சி பற்றிய அத்தியாயத்தில் ஒரு வரியாக வந்து போகும். ‘குறுநில மன்னர்கள் கிளர்ந்தெழுந்தனர்’ என்று சொல்லிவிட்டு நூலாசிரியர் மதுரைக்கு நகர்ந்துவிடுவார். ஆனால் கெடிலக் கரையில் நின்று பார்த்தால் கதை வேறு. அங்கே ஓர் அரசு உருவாகி, ஏறக்குறைய அரை நூற்றாண்டு தன் பெயரிலேயே ஆண்டு கணக்கிட்டுக் கல்வெட்டுப் பொறித்து, நான்கு பெரும் வல்லரசுகளின் நடுவே உயிரோடு இருந்தது.

நிகழ்ச்சிக்கு மூன்று சாட்சிகள் உண்டு. மூன்றும் மூன்று குரலில் பேசுகின்றன. முதலாவது வென்றவனின் குரல். வந்தவாசிப் பகுதியிலுள்ள வயலூர்க் கல்வெட்டு, தெள்ளாற்றில் சோழனை வென்று, அவன் அரச சின்னங்கள் அனைத்தையும் கைப்பற்றி, அமைச்சர்களோடு சேர்த்துச் சிறையிட்டுச் சோழ நாட்டையும் கொண்டதாகக் கோப்பெருஞ்சிங்கனைப் புகழ்கிறது. இரண்டாவது ஹொய்சள அவைப் புலவரின் குரல். ‘கத்யகர்ணாமிர்தம்’ என்ற வடமொழி உரைநடை நூல், நண்பனை நாடி வந்த சோழனைக் காடவன் வழிமறித்துச் சயந்தமங்கலத்துக்கு, அதாவது சேந்தமங்கலத்துக்கு, கொண்டுபோனதாகச் சொல்கிறது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் விரிவானது: கடலூருக்குப் பக்கத்திலுள்ள திருவயிந்திரபுரம் தெய்வநாயகப் பெருமாள் கோயிலில், இராசராசனின் 16-ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு.

அது புகழ்ப்பாட்டாக இல்லாமல் ஒரு போர் நாட்குறிப்பு போல எழுதப்பட்டிருக்கிறது. கோப்பெருஞ்சிங்கன் சோழச் சக்கரவர்த்தியைச் சேந்தமங்கலத்தில் பிடித்து வைத்திருக்கிறான், அவன் படைகள் நாட்டையும் திருமால் கோயில்களையும் அழிக்கின்றன என்ற செய்தி ஹொய்சள வேந்தன் வீரநரசிம்மனின் காதுக்கு எட்டுகிறது. சோழ அரசை மீண்டும் நிலைநாட்டியவன் என்ற பெயரைப் பெறாமல் வெற்றிக் காளம் ஊதுவதில்லை என்று அவன் சூளுரைக்கிறான். துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டுப் பாச்சூரில் தங்கி, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரு தண்டநாயகர்களைக் காடவன் மேல் ஏவுகிறான். அவர்கள் வழியில் கோப்பெருஞ்சிங்கனின் ஊர்களை ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள். ஈழத்து அரசன் பராக்கிரமபாகுவின் ஆட்கள் நால்வரும் காடவன் பக்கம் நின்று மாண்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. கடல் கடந்தும் இந்தச் சிற்றரசுக்குத் தொடர்பு இருந்தது என்பதற்கு இது நல்ல சான்று. பிறகு படைத்தலைவர்கள் சிதம்பரத்தில் பொன்னம்பலத்தை வணங்குகிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் பாசறை அமைக்கிறார்கள். திருவதிகை முதலான ஊர்களை அழித்துக்கொண்டு சேந்தமங்கலத்தை நோக்கி நகர்கிறார்கள்.

இப்பெயர்களை நிலப்படத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். திருவயிந்திரபுரம், திருப்பாதிரிப்புலியூர், திருவதிகை, சேந்தமங்கலம் எல்லாமே கெடிலத்தை ஒட்டியவை. ஹொய்சளப் படை ஆற்றைப் பின்பற்றி மேற்கே ஏறி வந்திருக்கிறது. காடவ அரசின் முதுகெலும்பு இந்தச் சிறிய ஆற்றின் பள்ளத்தாக்குதான். காவிரியோடு ஒப்பிட்டால் கெடிலத்தை ஆறு என்று சொல்லவே தயங்க வேண்டும்.

கல்வெட்டின் இன்னொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கோயில்களை அழித்தான் என்று காடவன் மேல் குற்றம் சாட்டும் அதே கல்லில், மீட்க வந்தவர்கள் பயிரை எரித்ததும், பெண்களைப் பிடித்ததும், ஊர்களைக் கொள்ளையடித்ததும் எந்தக் கூச்சமும் இல்லாமல் பெருமையாகப் பதிவாகியிருக்கின்றன. கடைசியில் கோப்பெருஞ்சிங்கன் அஞ்சி, சோழனை மீண்டும் அரியணையில் அமர்த்தச் சம்மதித்துத் தூது அனுப்பினான்; சக்கரவர்த்தி விடுவிக்கப்பட்டு, தண்டநாயகர்கள் துணையோடு தன் நாட்டுக்குத் திரும்பினான். வீரநரசிம்மனுக்குச் ‘சோழராச்சியப் பிரதிட்டாசாரியன்’ என்ற பட்டம் சேர்ந்தது. எரிந்த பயிர் கெடிலக் கரைக் குடியானவனுடையது.

திருவயிந்திரபுரக் கல்வெட்டைப் படித்து ‘எபிகிராபியா இண்டிகா’ ஏழாம் தொகுதியில் பதிப்பித்தவர் ஒரு ஜெர்மானியர்: யூஜின் ஹூல்ச். 1857-ல் சாக்சனியின் தலைநகரான டிரெஸ்டனில் பிறந்தவர். 1886 முதல் சென்னை அரசின் கல்வெட்டறிஞராக இருந்தவர். டியூக்குகளும் இளவரசர்களும் ஆயர்களும் ஆளுக்கொரு துண்டு நிலத்தை ஆண்ட நாட்டிலிருந்து வந்தவர். பேரரசன் என்ற பட்டம் ஒருவனிடமும் உண்மையான அதிகாரம் நூற்றுக்கணக்கான சிறு அரண்மனைகளிலும் இருக்கும் ஏற்பாடு, 1806-ல் புனித ரோமப் பேரரசு கலைக்கப்படும்வரை அங்கே நடைமுறையில் இருந்தது. ஜெர்மனியின் வரலாற்றை எழுதுவோர் அந்தச் சிறு டியூக் நாடுகளைத் தவிர்க்க முடியாது. கோபுர்க் போன்ற குட்டி நாட்டுக்கும் தனி வரலாறு உண்டு, ஆவணக் காப்பகம் உண்டு. தமிழகத்தின் பதின்மூன்றாம் நூற்றாண்டையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு நிகழ்ச்சி அருகருகே வைத்துப் பார்க்கத் தகுந்தது. தெள்ளாற்றுக்கு நாற்பது ஆண்டு முன்பு, 1192 டிசம்பரில், சிலுவைப் போரிலிருந்து மாறுவேடத்தில் ஊர் திரும்பிய இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டை வியன்னா அருகே ஆஸ்திரியாவின் டியூக் ஐந்தாம் லியோபோல்ட் பிடித்தான். டானூப் கரையில் டூர்ன்ஸ்டைன் கோட்டையில் அடைத்தான். பிறகு தன் பேரரசன் ஆறாம் ஹென்றியிடம் ஒப்படைத்தான். பெருந்தொகை வெள்ளி கைமாறி, 1194-ல் ரிச்சர்ட் விடுதலையானான். அங்கும் சிறைபிடித்தவன் மேல் விழுந்தது சமயக் குற்றச்சாட்டுதான்: சிலுவைப் போர் வீரனைத் தொட்டதற்காகப் போப் லியோபோல்டைச் சமய விலக்கம் செய்தார். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. லியோபோல்ட் பிடித்தது அயல்நாட்டு மன்னனை. பிடித்ததும் தன் மேலாளனிடம் கொடுத்துப் பங்கு வாங்கிக்கொண்டான். கோப்பெருஞ்சிங்கன் பிடித்தது தன் மேலாளனையே. ஒப்படைக்க அவனுக்கு மேலே ஆளில்லை. அவனை விடுவிக்கச் செய்ய மேற்கே ஹொய்சள நாட்டிலிருந்து ஒரு படை வர வேண்டியிருந்தது.

இந்தத் துணிவு ஒரே நாளில் வந்ததன்று. காடவர் என்பது பல்லவரைக் குறித்த பழைய பெயர்களில் ஒன்று. கூடல் பகுதித் தலைவர்களான இவர்கள் தங்களைப் பல்லவ வழியினராகச் சொல்லிக்கொண்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித்த சோழனிடம் வீழ்ந்த பல்லவ மரபுக்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தலையெடுக்கும் இவர்களுக்கும் இடையே தொடர்ச்சியான வம்சச் சங்கிலி கிடையாது. அதனால் என்ன? ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியனைத் தெள்ளாற்றில் முறியடித்து ‘தெள்ளாறெறிந்த’ என்ற அடைமொழி பெற்றவன் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன். அதே தெள்ளாற்றில் சோழனை மடக்கியவன் தன்னைப் பல்லவன் என்று அழைத்துக்கொண்டபோது, கேட்டவர்களுக்கு அது வெற்றுப் பெருமையாக ஒலித்திருக்காது.

குடும்பத்தின் உண்மையான முதலீடு பழம்பெருமை அன்று, பாடிகாவல். ஊரையும் பயிரையும் வழியையும் காக்கும் பொறுப்பு. அதற்கு ஊரார் கொடுக்கும் பங்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நடுநாடு என்ற இப்பகுதி முழுவதும் இந்த உரிமை மெல்ல மெல்ல உள்ளூர்த் தலைவர்களின் பரம்பரைச் சொத்தாக மாறியது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் திருமுனைப்பாடிப் பகுதியில் ஆளப்பிறந்தான் மோகன் என்ற காடவத் தலைவன் தென்படுகிறான். ‘குலோத்துங்க சோழக் காடவராயன்’ என்பது போன்ற பட்டங்களை, அதாவது எசமானின் பெயரையே, இவர்கள் முன்னொட்டாக அணிந்துகொண்டார்கள். 1186-ஐச் சேர்ந்த விருத்தாசலக் கல்வெட்டு ஒன்று குடும்பத்தின் சில தலைமுறைகளை வரிசையாகச் சொல்கிறது. சோழனின் அலுவலர் ஒருவருக்கு வம்சாவளி எதற்கு? காவற்காரன் நிலக்கிழாராகி, நிலக்கிழார் அரசராகும் வழியில் இருக்கிறார் என்பதற்கு அந்தக் கல்லே போதும்.

இதே காலத்தில் இப்பகுதித் தலைவர்கள் தங்களுக்குள் ‘நிலைமைத் தீட்டு’ என்ற உடன்படிக்கைகள் எழுதிக் கோயில் சுவரில் வெட்டினார்கள். உன் பகைவன் என் பகைவன், உன்னை விட்டு இன்னாரோடு சேர மாட்டேன் என்ற வகை ஒப்பந்தங்கள். கிளியூர் மலையமான்களும் செங்கேணிச் சம்புவராயர்களும் இந்த வலையில் இருந்தார்கள். மூன்றாம் குலோத்துங்கன் போன்ற வலுவான அரசன் இருந்தவரை இதெல்லாம் சோழக் குடையின் கீழேயே நடந்தது. அவன் காலம் 1218-ல் முடிந்தபோது உடன்படிக்கைகள் அப்படியே இருந்தன. குடை மட்டும் இல்லை. கோப்பெருஞ்சிங்கனைத் துரோகி என்று எழுதுவது எளிது. அவன் கையில் ஏந்திய ஆயுதத்தை வடித்துக் கொடுத்தது சோழ நிருவாகமே.

பாலாற்றுக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட இந்த நிலம் சிற்றரசுகளுக்குப் புதிதன்று. இன்று திண்டிவனம் நகருக்குள் அடங்கிவிட்ட கிடங்கில், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். 269 அடிகள் கொண்ட சிறுபாணாற்றுப்படை முழுவதும் அவனுக்காகப் பாடப்பட்டது. அதே ஊரிலிருந்து காவிதிப் பட்டம் பெற்ற சங்கப் புலவர்களும் வந்திருக்கிறார்கள். பெண்ணைக் கரைக் கோவலூரில் மலையமான் திருமுடிக்காரி. பிற்காலத்தில் செஞ்சியில் நாயக்கர்கள். காஞ்சிக்கும் தஞ்சைக்கும் நடுவே கிடப்பதால் ‘நடுநாடு’ என்று பெயர் பெற்ற இந்த மண்ணில், இரண்டு பெரிய ஊர்களும் தளரும்போதெல்லாம் ஏதோ ஒரு சிறிய ஊர் நிமிர்ந்திருக்கிறது.

சோழனை விடுவித்த பிறகு கோப்பெருஞ்சிங்கன் அழிந்துபோகவில்லை என்பதுதான் கதையின் சுவையான பகுதி. 1243-ல் தொடங்கும் புதிய ஆட்சியாண்டுக் கணக்கோடு இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன் வருகிறான். முன்னாளில் ஆராய்ச்சியாளர் சிலர் இருவரையும் ஒரே ஆளாகக் கொண்டார்கள். ஆந்திரத்துக் கல்வெட்டு இவனை ‘சீய மகீபதி’யின் மகன் என்று தந்தை பெயரோடு குறிப்பிடுவதும், முன்னவனுக்கு ‘அழகிய சீயன்’ என்ற பெயர் வழங்கியதும், தந்தை மகன் என்று இருவரைக் கொள்வதையே வலுப்படுத்துகின்றன. இவர்களுடைய கல்வெட்டுகளை வெ. வேங்கடசுப்பையர் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ பன்னிரண்டாம் தொகுதியில் பல்லவர் கல்வெட்டுகளோடு சேர்த்து 1943-ல் வெளியிட்டார். சேந்தமங்கலத்துக் குடும்பம் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கேட்ட இடத்தைக் கடைசியில் அச்சுப் புத்தகம் கொடுத்துவிட்டது.

மகன் தந்தையைவிட நுட்பமானவன். பட்டம் ‘சகலபுவனச் சக்கரவர்த்தி’. ஆளும் நிலமோ சில ஆற்றுப் பள்ளத்தாக்குகள். ஆனால் அவனைச் சுற்றி நின்றவர்கள் யார் யார் என்று பாருங்கள்: தென்கிழக்கே தேய்ந்துகொண்டிருந்த சோழன், மேற்கே ஹொய்சளன், தெற்கே பாண்டியன், வடக்கே ஓரங்கல் காகத்தியன். நால்வரில் யாருக்கும் நடுநாடு மற்றவன் கையில் முழுமையாகப் போவதில் விருப்பமில்லை. அந்தத் தயக்கத்தில்தான் சேந்தமங்கலம் வாழ்ந்தது.

1253-ஐச் சேர்ந்த விருத்தாசலக் கல்வெட்டு அவன் மனப்போக்கைக் காட்டுகிறது. பெரம்பலூர்ப் போரில் கேசவன், அரிகரன் முதலான ஹொய்சளத் தண்டநாயகர்களை அவன் கொன்று, அவர்களுடைய பெண்டிரையும் செல்வத்தையும் கைப்பற்றினான். அந்தப் பாவத்துக்குக் கழுவாயாகத் திருமுதுகுன்றத்து, அதாவது விருத்தாசலத்து, இறைவனுக்கு நெற்றிப்பட்டம் செய்து அளித்தான். அதற்குத் தன் சிறப்புப் பெயரான ‘அவனி ஆளப்பிறந்தான்’ என்பதையே சூட்டினான். இருபது ஆண்டு முன்பு ஹொய்சளத் தண்டநாயகர்கள் கெடிலக் கரையில் செய்ததற்குப் பெரம்பலூரில் பதில் கிடைத்தது. கழுவாயிலும் தன் பெயரைப் பொறித்துக்கொள்ளும் தன்னம்பிக்கை அவனுக்கு இருந்தது.

பாண்டியன் சடாவர்மன் சுந்தரபாண்டியன் 1251-ல் பட்டமேறிய பிறகு ஆட்டம் மாறியது. அவன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, யானைகளையும் பொருளையும் கவர்ந்துகொண்டு, நாட்டைக் கோப்பெருஞ்சிங்கனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று பாண்டியன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. இது பெருந்தன்மையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வடக்கே நெல்லூர்வரை போக நினைத்த பாண்டியனுக்கு நடுவழியில் பகைவனைவிடக் காவலன் தேவைப்பட்டான். பாடிகாவல் குடும்பத்துக்கு அந்த வேலை பழகியதுதான். தோற்றவன் அதை எப்படி எழுதினான் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆந்திரத்தில் திரிபுராந்தகத்திலும் திராட்சாராமத்திலும் இவன் கல்வெட்டுகள் உண்டு. திராட்சாராமத்தது 1262-ஐச் சேர்ந்தது. தன்னைப் ‘பாண்டிய மண்டலத்தை நிலைநாட்டிய சூத்திரதாரி’ என்று இவன் அங்கே சொல்லிக்கொள்கிறான். தன்னை வென்றவனை மேடையேற்றியதே தான்தான் என்று மொழியை மாற்றிவிட்டான்! தன் நாட்டுக்கு அப்பால், கோதாவரிப் பக்கத்தில், மறுத்துப் பேச ஆளில்லாத இடமாகப் பார்த்து வெட்டியிருக்கிறான்.

சூத்திரதாரி என்ற நாடகச் சொல் தற்செயலாக விழுந்ததன்று. ‘பரதமல்லன்’, ‘சாகித்தியரத்னாகரன்’ என்ற பட்டங்களும் இவனுக்கு உண்டு. கூத்திலும் இலக்கியத்திலும் தேர்ந்தவனாகத் தன்னைக் காட்டிக்கொண்டான். சிதம்பரம் கோயிலில் ‘சொக்கச்சீயன்’ என்ற காடவர் பட்டப்பெயரால் ஒரு கோபுரம் எழுந்தது. வயலும் ஏரியும் நிறைந்த சிறிய நாட்டின் வருவாயிலிருந்து இதற்கெல்லாம் பொருள் வந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. ஜெர்மானிய டியூக்குகளும் இப்படித்தான்: படைபலத்தில் அண்டை வல்லரசை எட்ட முடியாதவர்கள் நாடகக் கொட்டகையிலும் நூலகத்திலும் அதை எட்டப் பார்த்தார்கள். வைமார் என்ற குட்டி நாட்டின் பெயர் உலகுக்குத் தெரிந்தது கதேயை அது அமைச்சராக வைத்துக்கொண்டதால்.

சேந்தமங்கலத்தில் அவர்களுடைய சிவன் கோயில், ஆபத்சகாயேசுவரர் கோயில் என்ற பெயரில், இன்றும் நிற்கிறது. பழைய பெயர் வாணிலைக் கண்டீசுவரம். அங்குள்ள கற்குதிரைகளைத் தட்டி ஓசை கேட்பதற்காகவே வருகிறவர்கள் உண்டு. பேரரசன் ஒருவன் இந்த ஊரில் கைதியாக இருந்தான் என்று தெரிந்து வருகிறவர்கள் குறைவு. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் என்று மூன்று மாவட்டங்களுக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துத் தெள்ளாற்றுக்கும் இந்தக் கதை பங்கு போய்விட்டதால், எந்த மாவட்டமும் இதைத் தன் கதையாகச் சொல்வதில்லை. பள்ளி ஆசிரியர்கள் யாரேனும் மாணவர்களைத் தெள்ளாற்றிலிருந்து சேந்தமங்கலம் வழியாகத் திருவயிந்திரபுரம்வரை ஒருமுறை அழைத்துப்போனால் நன்றாயிருக்கும். ஒரு நாளில் முடியக்கூடிய பயணம்தான்.

அரசின் முடிவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் நடுநாட்டில் பாண்டியர் ஆட்சியாண்டுகளே வழங்கத் தொடங்கின. இடைத்தரகு இனி தேவைப்படவில்லை. கோப்பெருஞ்சிங்கனின் ஆட்சியாண்டுக் கணக்கு ஏறக்குறைய 1279-ல் நின்றுபோகிறது. சோழர் வரிசையில் கடைசியாக வந்த மூன்றாம் இராசேந்திரனின் ஆட்சிக் கணக்கு முடிவதும் அதே ஆண்டில்தான்.